முடவன் முழுக்கு

ஊருக்குக் குளிர் வருவதை
மீட்டர் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.
ஆவணியில் முந்நூறு ஓடிய வீட்டில்
இப்போது நூற்றெண்பது.
மின்விசிறிகள் ஒவ்வொன்றாய் வாயை மூட
பொறையாரிலிருந்து தரங்கம்பாடி வரை
அட்டைகளில் நான் எழுதும் எண்கள் இளைத்துவிட்டன.

அதற்கும் முன்னே சொல்வது
இடது தொடைக்குள் இருக்கிற தகடு.
ஒரு சாண் நீளம், ஆறு திருகாணி.
வாடை கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போதே
தான் உலோகம் என்று
அதற்கு ஞாபகம் வந்துவிடும்.

இன்று கார்த்திகை ஒன்று.
மாயவரம் பஸ்களில் கால் வைக்க இடமில்லை.
ஐப்பசி முப்பது நாளும் ஊரே முழுகி எழுந்த பிறகு
இழுத்து இழுத்து நடந்து வந்து
கடைசி நாளையும் தவறவிட்ட ஒரு முடவனுக்கு
காவிரியில் ஒரு நாள் கூடுதலாய்க் கிடைத்ததாம்.
எனக்கு அதில் பாத்தியதை இல்லை,
நாங்கள் வேதக்காரர்கள்.
ஆனாலும் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு
சுடிதாருக்கு மேல் தம்பியின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு
கடற்கரைக்கு வந்துவிட்டேன்.

"நீவாடு திரும்பிருச்சு கரண்டக்கா.
கோட்டைக்கு நேரா எறங்குனா
கல்லுகிட்டதான் ஏறுவ"
என்றான் குப்புராமன், வலையிலிருந்து தலை எடுக்காமல்.
பிறகு தனக்குள் சொல்வதுபோல,
"பூம்புகார்ல கடலுக்குள்ள போன தண்ணி
இப்ப நம்மூருக்குத்தான் வரும்."

அலுமினியக் கோலை மணலில் நட்டு
துண்டை அதன் தலையில் போட்டேன்.
அது வரைக்கும்தான் நான் நொண்டி.

முதல் அலை முழங்காலைத் தட்டியது.
இரண்டாவது அடிவயிற்றை, கேட்காமல்.
மூன்றாவதற்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வந்தபோது
கடல் டிக்காஷன் நிறத்தில் இருந்தது.
வாயில் பட்டதை ருசித்தேன்.
பாதி உப்பு.
உப்புப் போட மறந்து
பிறகு அவசரமாய்ப் போட்ட கஞ்சி மாதிரி.
மார்பு வரை ஆற்றின் குளிர்,
இடுப்புக்குக் கீழே போன மாதத்து வெதுவெதுப்பு.
இரண்டும் கலக்காமல்
என் உடம்பை எல்லையாய் வைத்துக்கொண்டு நின்றன.

வேர் கருகிய ஆகாயத்தாமரை ஒன்று
தோளை உரசிப் போனது.
எந்த வாய்க்காலில் எந்த மதகைத் தாண்டி வந்ததோ.
பின்னாலேயே ஒரு செவ்வந்திச் சரம்,
நேற்றைய கடைமுழுக்காய் இருக்கலாம்,
இல்லை, யாரோ ஒருவரின் கருமாதி.

கால்களை அடித்தேன்.
இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது
தரையோடு உள்ள வழக்கு.
இங்கே யாரும் அளப்பதில்லை.

அண்ணாந்து மிதந்தவள் திரும்பிப் பார்த்தால்
கோட்டை உள்ளங்கை அளவுக்குச் சிறுத்திருந்தது.
பயந்தேன்.
நன்றாகவே பயந்தேன்.
கரையைப் பார்த்து நேரே நீந்திய பத்துக் கைவீச்சும்
கடலுக்குக் கணக்கே இல்லை.
அப்புறம் தண்ணீர் போகும் பக்கமே சாய்ந்து
கொஞ்சம் கொஞ்சமாய்
கடனை அடைக்கிற மாதிரி
கரையை அடைத்தேன்.

கல்லுகிட்டதான் ஏறினேன்.

தரையில் கால் பட்டதும் உடம்பு
பழையபடி இடப்பக்கம் சரிந்தது.
கோல் இருக்கும் இடம் வடக்கே, வெகு தூரம்.
நான்கு கால் பிராணிபோல் மணலில் நின்று
மூச்சு வாங்கியபோதுதான் பார்த்தேன்:
பத்தடி தள்ளி நட்டிருந்தது கோல்,
தலையில் அதே துண்டு.
பக்கத்தில் செங்கேணி,
கிடைத்த ஒரு நாள் வெயிலுக்குக் கருவாட்டை விரித்தபடி.

தண்ணீர் என்னை எங்கே கொண்டுவந்து போடும் என்று
கணக்குப் பார்த்து எடுத்து வந்தாளா,
காக்கை விரட்ட
கைக்கு அகப்பட்டதைத் தூக்கி வந்தாளா,
நான் கேட்கவில்லை.
கோலின் பிடியில் மீன் வாடை இருந்தது.

அவள்தான் கேட்டாள்:
"எங்க வூட்டுக்கு இந்தத் தடவ எத்தன ஓடியிருக்கு?"

காற்றில் பற்கள் அடித்துக்கொண்டதில்
எண்ணை
இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.